ரைஃபிள் வந்துவிட்டது, தோட்டாதான் வரவில்லை

டெக்சாஸில் துப்பாக்கி வாங்குவது மளிகைக் கடையில் துவரம்பருப்பு வாங்குவது போல என்று ஊரில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்கக் குடிமகனாக, ஓட்டுநர் உரிமத்தில் இன்றைய முகவரியோடு, ஜான் என்றோ மைக்கேல் என்றோ பெயர் வைத்துக்கொண்டு போனால் ஏறக்குறைய அப்படித்தான். கிரீன் கார்டும் தமிழ்ப் பெயருமாகப் போய்ப் பாருங்கள். டாலஸ் பக்கம் குடியிருக்கும் நான், ஒவ்வொரு குண்டுக்கும் கையால் தாழை இழுத்துத் தள்ளிச் சுடும் ஒரு .308 (குண்டின் விட்டம், அங்குலக் கணக்கில்) போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் வாங்கினேன். பிறகு அதற்கான தோட்டாவை வீட்டிலேயே நிரப்பக் கற்றுக்கொண்டேன். வேட்டைக்கு அல்ல, தற்காப்புக்கும் அல்ல. தொலைவில் இருக்கும் காகித இலக்கைச் சுடுவது ஒன்றுதான் நோக்கம். அதற்கே இத்தனை அலைச்சல்.

முதலில் பெயர். நம்மில் பலருடைய கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருக்கும். அப்படியிருந்தால் அமெரிக்க விசாவில் நம் சொந்தப் பெயர் குடும்பப் பெயராகிவிடும். முதல்பெயர் இருக்க வேண்டிய இடத்தில், ‘தெரியவில்லை’ என்ற பொருளில் ‘எஃப்.என்.யூ.’ என்று வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த விசாவைப் பார்த்துத்தான் ஓட்டுநர் உரிமமும் தருவார்கள். பின்னால் கடவுச்சீட்டில் அப்பா பெயரைச் சேர்த்து, அதன்படி கிரீன் கார்டு வாங்கினால், ஒரே ஆளுக்கு இரண்டு அட்டைகள், இரண்டு பெயர்கள். வங்கி பொறுத்துக்கொள்ளும், விமான நிறுவனம்கூடச் சில நேரம் பொறுத்துக்கொள்ளும். துப்பாக்கிக் கடை பொறுத்துக்கொள்ளாது, பொறுத்துக்கொள்ளவும் கூடாது. எனவே கடைக்குப் போகும் முன் உரிமத்தில் பெயரையும் முகவரியையும் திருத்திவிடுங்கள். தபால் பெட்டி எண் செல்லாது, குடியிருக்கும் வீட்டு முகவரிதான் வேண்டும்.

இதையெல்லாம் முடித்துக்கொண்டு ஒரு பெரிய கடைக்குப் போனேன். கவுன்டரில் இருந்த இளைஞர் கிரீன் கார்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“வேட்டை உரிமம் இருக்கிறதா? வெளிநாட்டவர் என்றால் அது வேண்டும். மூன்று மாத மின்கட்டண ரசீதும் வேண்டும்.”

இரண்டுமே தவறு. வேட்டை உரிமம் கேட்பது எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களிடம். கிரீன் கார்டு என்ற நிரந்தர வசிப்புரிமை பெற்றவருக்கு அது தேவையில்லை. வெளிநாட்டவர் 90 நாள் அந்த மாநிலத்தில் வசித்ததற்குச் சான்று காட்ட வேண்டும் என்ற விதியைக் கூட்டாட்சி அரசு 2012லேயே நீக்கிவிட்டது. பொறுமையாகச் சொன்னேன். “எங்கள் கணினியில் அப்படித்தான் இருக்கிறது” என்றார். மேலாளர் அன்று விடுப்பு. மறுமுறை போகும்போது, துப்பாக்கி விற்பனையைக் கண்காணிக்கும் கூட்டாட்சி அமைப்பான ஏ.டி.எஃப்.பின் இணையதளத்தில் இருக்கும் கேள்வி பதில் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போனேன். மேலாளர் அதை வாசித்து, ஒரு முறை இருமி, துப்பாக்கி வாங்குபவர் நிரப்ப வேண்டிய 4473 என்ற படிவத்தை நீட்டினார். வாயால் சொல்வதைவிடக் காகிதத்துக்கு மதிப்பு அதிகம் என்பது தாலுகா அலுவலகத்துக்கு மட்டும் சொந்தமில்லை.

4473 படிவத்தில் பிறந்த நாடு, குடியுரிமை நாடு, கிரீன் கார்டில் உள்ள ஏ எண் எல்லாம் கேட்பார்கள். அந்த எண் விடுபட்டால் வேலை நகராது. விற்பவர் கணினியில் தட்டும்போது நீங்களும் எட்டிப் பாருங்கள். 1998 முதல் இருக்கும் ‘நிக்ஸ்’ என்ற பின்னணிச் சரிபார்ப்பில் மூன்று பதில்கள்தான் வரும்: மேலே செல்லலாம், தாமதம், மறுப்பு. குடிமகன் அல்லாதவர்களுக்குக் குடிவரவுப் பதிவுகளையும் தனியாகப் பார்ப்பதால் ‘தாமதம்’ என்று வருவது சாதாரணம். எனக்கும் அதுதான் வந்தது.

தாமதம் என்றால் குற்றம் அல்ல. மூன்று வேலை நாட்கள் கழிந்தும் மறுப்பு வராவிட்டால், வாங்குபவர் 21 வயதைக் கடந்தவராக இருக்கும்பட்சத்தில், துப்பாக்கியைக் கொடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. இந்தச் சின்ன இடைவெளியில்தான் நான் மாட்டினேன். “எங்கள் கடையின் கொள்கை, பச்சைக்கொடி வந்தால்தான் தருவோம்” என்றார்கள். சரி, காத்திருந்தேன். ஒரு சரிபார்ப்பு 30 நாட்களுக்குத்தான் செல்லும் என்பதை யாரும் சொல்லவில்லை. அந்தக் கெடு தாண்டியதும், முதலிலிருந்து புதுப் படிவம் நிரப்பச் சொன்னார்கள். வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றால் அதிலும் ஒரு பங்கைக் ‘கையாளும் கட்டணம்’ என்று பிடித்துக்கொண்டார்கள். பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி இதுதான்: “தாமதம் என்று வந்தால் மூன்று நாளில் தருவீர்களா, மாட்டீர்களா?”

நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு சின்னக் கடைக்காரர் தருவேன் என்றார், தந்தார். அங்கும் தாமதம் வந்தது, மறுப்பு வரவில்லை, நாள் கணக்கு முடிந்ததும் அவரே தொலைபேசியில் அழைத்தார். ‘தன்னார்வ முறையீட்டுக் கோப்பு’ என்று ஒன்று இருப்பதைச் சொன்னவரும் அவர்தான். கைரேகையோடு எஃப்.பி.ஐ.க்கு விண்ணப்பித்தால், ஆய்வுக்குப் பிறகு ஒரு தனி எண் கொடுப்பார்கள். அதை அடுத்த முறை 4473இல் எழுதினால் பெயர்க் குழப்பம் குறையும். உடனே வராது. வாங்கும் எண்ணம் இருக்கிறதோ இல்லையோ, ஒரு முறை தாமதம் வந்தவர்கள் விண்ணப்பித்து வையுங்கள்.

ரைஃபிள் வீட்டுக்கு வந்தபோது மனைவி கேட்டது ஒன்றுதான்: “என்னங்க, பூட்டு எங்கே?” இரும்பு அலமாரி அதற்கு முன்பே வந்திருந்தது என்பதால் தப்பித்தேன். டெக்சாஸில், சுடத் தயாரான துப்பாக்கியைக் கவனமில்லாமல் வைத்து, அது 17 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் கைக்குக் கிடைத்துவிட்டால் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் எங்கள் வீட்டில் அது குற்றம்தான்.

அடுத்து தோட்டா. குறிபார்த்துச் சுடுவதற்கென்று வரும் நல்ல .308 தோட்டா ஒன்று ஒன்றரை, இரண்டு டாலர். சனிக்கிழமை காலையில் சுடுதளத்தில் சும்மா இரண்டு பெட்டி தீர்த்தாலே வாரச் சம்பளத்தைப் பற்றி யோசனை வரும். அங்கே எப்போதும் கடைசி மேசையில் உட்காரும், ஓய்வுபெற்ற கடைசல் தொழிலாளி ஒருவர், நான் வெற்றுக் கூடுகளைத் தரையிலேயே விட்டுவிட்டுப் போவதைப் பார்த்து, “தங்கத்தை எறிகிறாய்” என்றார். பித்தளைக் கூட்டைப் பல முறை பயன்படுத்தலாம். கூட்டைப் பழைய அளவுக்கு அழுத்தி, புதுப் பிரைமர் (கூட்டின் அடியில் வைக்கும், தீப்பொறி தரும் சிறு உலோகக் குப்பி) வைத்து, அளந்த வெடிமருந்திட்டு, குண்டைப் பொருத்தினால் தோட்டா. சொந்த உபயோகத்துக்கு என்றால் கூட்டாட்சிச் சட்டப்படி உரிமம் வேண்டாம். விற்கத் தொடங்கினால் உற்பத்தியாளர் உரிமம் வேண்டும். நண்பர் காசு தருகிறேன் என்று கேட்டாலும் நிரப்பிக் கொடுக்காதீர்கள்.

அந்தக் கடைசல் பெரியவர் தன் கொட்டகையில் கற்றுக்கொடுத்தார். அவர் எனக்கு எதையெல்லாம் சொல்லித்தர மறுத்தார் என்பதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். எத்தனை கிரெய்ன் (மருந்தை நிறுக்கும் சிறிய எடை அளவு) மருந்து என்று கேட்டேன். “என் துப்பாக்கிக்குப் பொருந்தியது உன் துப்பாக்கிக்கு எமனாகலாம். மருந்து தயாரித்தவன் கையேடு வெளியிட்டிருக்கிறான், அதை வாங்கு. அதில் தொடக்க அளவு என்று போட்டிருப்பதிலிருந்து தொடங்கு” என்றார். கடைசிவரை ஓர் எண்கூட அவர் வாயிலிருந்து வரவில்லை. அப்போது கொஞ்சம் வருத்தமாக இருந்தது. இணையத்தில் ஆளுக்கொரு அளவை அள்ளிவிடுவதைப் பார்த்த பிறகு அவர்மேல் மரியாதை கூடிவிட்டது.

மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கலாம். நிரப்பிய கூடுகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் டார்ச் அடித்து மட்டம் பார்க்க வேண்டும். ஒன்றில் இருமடங்கு விழுந்துவிட்டால் துப்பாக்கியோடு முகமும் போகும். பேச்சு, பாட்டு, கைப்பேசி எதுவும் கூடாது. கண்ணாடி அணிய வேண்டும். இன்னொன்று பலர் சொல்லாதது: பழைய கூடுகளை உருட்டிச் சுத்தம் செய்யும்போது எழும் தூசியில் ஈயம் இருக்கிறது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்த வேலையைக் கார் கொட்டகையிலும் செய்யாதீர்கள், வெளியே வைத்துக்கொள்ளுங்கள். கையைக் கழுவாமல் முறுக்கு டப்பாவைத் தொடக்கூடாது.

சாமான் சேர்ப்பதில்தான் அடுத்த அடி. 2020க்குப் பிறகு பிரைமர் கிடைப்பதே அரிதாகிப் போன காலத்தைப் பழைய ஆட்கள் இன்னும் பஞ்சக் கதை போலச் சொல்கிறார்கள். உக்ரைன் போர் வந்த பிறகு, மருந்துக்கு மூலப்பொருளான நைட்ரோசெல்லுலோஸ் பீரங்கிகளுக்குப் போக, மருந்து விலையும் ஏறியது. இணையத்தில் வாங்கினால் ஒவ்வொரு அனுப்புதலுக்கும் அபாயப் பொருள் கட்டணம் என்று தனியாக ஒரு தொகை. அதனால் மருந்தையும் பிரைமரையும் ஒரே கடையில் ஒரே தடவையாக வாங்குவதுதான் லாபம். நானோ அவசரத்தில், கொஞ்ச தூரம் காரோட்டி, ஒரு கடைக்கு நேரில் போனேன்.

“பெரிய ரைஃபிள் பிரைமர்” என்று தெளிவாகக் கேட்டேன். பூட்டிய கூண்டுக்குள் போய் எடுத்துவந்த ஊழியர் பையில் போட்டு, பில் போட்டு, நீட்டினார். காரில் ஏறிப் பெட்டியைப் பார்த்தால் ‘பெரிய பிஸ்டல்’. இரண்டுக்கும் விட்டம் ஒன்றுதான், உயரம் வேறு. பிஸ்டல் பிரைமரின் உலோகமும் மெல்லியது. ரைஃபிளின் அழுத்தத்தில் கிழியலாம். கடைக்குள் திரும்பி நடக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, பெட்டி பிரிக்கப்படவில்லை, பில்லில் மை காயவில்லை. “பிரைமரும் மருந்தும் கவுன்டரைத் தாண்டினால் திரும்ப எடுப்பதில்லை” என்று சுவரில் இருந்த அறிவிப்பைக் காட்டினார். தவறாக எடுத்தது நீங்கள்தானே என்றேன். மறுபடியும் அறிவிப்பையே காட்டினார். பிறகு பெரியவர் அந்தப் பெட்டியைத் தன் .45 பிஸ்டலுக்கு எடுத்துக்கொண்டு, ரைஃபிள் பிரைமர் ஒரு பெட்டி கொடுத்தார். காசு கொடுக்கும் முன் பெட்டியில் உள்ள எழுத்தை நீங்களே வாசியுங்கள்.

முதல் தொகுதியை நிரப்பி எடுத்துக்கொண்டு போன சுடுதளத்தில், வரவேற்பு மேசையில் இருந்தவர் பெட்டியைப் பார்த்துவிட்டு, “வீட்டில் நிரப்பியதா? இங்கே தொழிற்சாலைத் தோட்டா மட்டும்தான்” என்றார். அவர்களுடைய இணையதளத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. உள்ளரங்கத் தளங்கள் பலவற்றில் இந்த விதி உண்டு. தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பெரியவரின் மன்றத்துக்குச் சொந்தமான திறந்தவெளித் தளத்தில்தான் கடைசியில் சுட்டேன். 100 கெஜத்தில் ஐந்து குண்டும் ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடக்கூடிய வட்டத்துக்குள் விழுந்தன. அந்தக் காகிதத்தை இன்னும் தூக்கி எறியவில்லை.

அந்த மன்றத்தில் எல்லோரும் பேசுவது, துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையைச் சொல்லும் அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் பற்றித்தான். 2008இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அது தனிமனித உரிமை என்று சொன்னது, 2022இல் பொது இடத்தில் துப்பாக்கி எடுத்துச்செல்லும் உரிமை பற்றிய புரூயன் தீர்ப்பு வந்தது, அடுத்த அரசாங்கம் என்ன பறிக்கும் என்று ஓயாத விவாதம். 2024இல் ரஹிமி வழக்கில், குடும்ப வன்முறைத் தடையாணை உள்ளவரிடம் துப்பாக்கி இருக்கக்கூடாது என்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது பற்றி அங்கே சிலருக்குப் புகைச்சல். எனக்கு அது சரி என்றே படுகிறது. அங்கே வாயைத் திறக்கவில்லை. என் கவலைகள் வேறு. கிரீன் கார்டு வைத்திருப்பவர் துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றால், அது சிறியதோ பெரியதோ, நாடுகடத்தலுக்கு அதுவே காரணமாகலாம். பக்கத்து மேசைக்காரருக்கு அபராதத்தோடு போவது எனக்கு வீடு, வேலை, பிள்ளைகளின் பள்ளி எல்லாவற்றையும் கொண்டுபோகும். கொலராடோ போகும்போது கஞ்சா மிட்டாய் அங்கே சட்டப்படிதானே என்று யாராவது நீட்டினால் கையெடுத்துக் கும்பிட்டுவிடுங்கள். மாநிலம் அனுமதித்தாலும் கூட்டாட்சிச் சட்டம் அனுமதிக்கவில்லை. 4473 அதைப் பற்றி நேராகவே கேட்கிறது.

வேலை மாறினால் மாநிலம் மாறும், மாநிலம் மாறினால் சட்டம் மாறும். இல்லினாய் போனால் தோட்டா வைத்திருக்கவே தனி அட்டை வேண்டும். கலிஃபோர்னியாவில் 2019 முதல் தோட்டா வாங்கவும் பின்னணிச் சரிபார்ப்பு. நம் ஆட்கள் வேலைக்கான கடிதம் வந்த அன்றே வீடு தேடத் தொடங்குகிறோம். துப்பாக்கி உள்ளவர்கள் முதலில் அந்த மாநிலச் சட்டத்தைத் தேடுங்கள்.

“நானும் ஒரு நாள் வந்து சுட்டுப் பார்க்கலாமா?” என்று எச்-1பி நண்பர்கள் கேட்பார்கள். யோசிக்காமல் சரி என்று சொல்லாதீர்கள். அந்த விசாவில் இருப்பவர் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றமாகலாம், கொடுத்த உங்களுக்கும் சிக்கல். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. டெக்சாஸ்வாசிக்கு அது 25 டாலர். எப்போது வாங்கினாலும் ஆகஸ்ட் 31 வரைதான். உரிமத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் என் நண்பரைக் காரில் ஏற்றினேன்.

கடைசியாக, ஊருக்குப் போகும்போது. சுடுதளத்துக்கு எடுத்துப்போகும் பையைப் பயணத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். தையல் மடிப்புக்குள் ஒரு தோட்டா தங்கிவிட்டால் போதும், இந்திய விமான நிலையத்தில் ஆயுதச் சட்டப்படி வழக்கு. தெரிந்தே வைத்திருக்கவில்லை என்று உயர் நீதிமன்றங்கள் இப்படிப்பட்ட வழக்குகள் பலவற்றை ரத்து செய்திருக்கின்றன. அதற்குள் விடுமுறையும் போய்விடும், வக்கீல் கட்டணமும் போய்விடும். உதறிப் பார்த்தேன், ஒன்றுமில்லை என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டில் யார் கிளம்பினாலும் தடுத்து, மலிவாக ஒரு புதுப் பை வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.