கடல்நீர் மாதிரிக் குறிப்புகள்: பாசி மிகும் பருவம்

மே 4

காலையிலேயே உயிர்காப்பாளர் தம்பி போன் செய்தான். "அக்கா, தெக்கு மூலையில தண்ணி செக்கச்செவேல்னு கெடக்கு. குளிக்க வந்தவங்க எல்லாரும் மேல ஏறிட்டாங்க."

போய்ப் பார்த்தால் அலை உடையும் இடத்துக்குச் சற்று உள்ளே செம்பட்டை. கண்ணாடிக் குடுவையில் மொண்டு வெயிலுக்கு எதிரே பிடித்தேன். மைக்ரோஸ்கோப் தேவைப்படவில்லை. அரை மில்லிமீட்டர் அளவில் உருண்டை உருண்டையாக மேலே மிதந்தன. நாக்டிலூகா என்ற ஒரு செல் மிதவை உயிரி. காற்று விழுந்து கடல் அடங்கிய நாட்களில் இது மேலே வந்து ஒரு மூலையில் ஒதுங்கும்.

மனிதரைக் கொல்லும் நச்சு எதையும் இது சுரப்பதில்லை. ஆனால் உடம்புக்குள் அம்மோனியத்தைச் சேர்த்து வைத்திருக்கும். கூட்டமாகச் செத்து அழுகும்போது தண்ணீரில் ஆக்ஸிஜனும் குறைந்துபோகும். மீனுக்கு இரண்டுமே ஆபத்து. லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே ஆக்ஸிஜன் இறங்கினால் பெரும்பாலான மீன்கள் தாங்காது. மீட்டரை இறக்கிப் பார்த்தேன். அந்த அளவுக்கு இன்று போகவில்லை. பகல் அளவை மட்டும் வைத்து நிம்மதி கொள்ள முடியாது. இரவில் ஒளிச்சேர்க்கை நின்று சுவாசம் மட்டுமே நடக்கும், அதனால் விடியும் முன்தான் அளவு அடிமட்டத்துக்குப் போகும். நாளை இருட்டோடு வர வேண்டும்.

அந்த மூலையில் மட்டும் இறங்க வேண்டாம், செத்த மீன் கிடந்தால் தொட வேண்டாம் என்று பலகை வைத்தோம். சொல்வதற்கு முன்பே எல்லோரும் கேட்டுவிட்டார்கள். சிவப்பு நிறமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

மே 5

விடியலில் ஆக்ஸிஜன் பரவாயில்லை. இரவில் காற்று எழும்பிப் பட்டையைக் கலைத்துவிட்டது. பலகையை எடுத்தாயிற்று.

மே 11

வழக்கமான மாதிரி நாள். கடல் நல்ல நீலம், காலடி மணல் வரை தெரிகிறது. இந்த மாதிரி நாளில்தான் "இன்னைக்குமா எடுக்கணும்?" என்ற கேள்வி வரும். இன்றைக்குத்தான் எடுக்க வேண்டும்.

இடுப்பளவு தண்ணீரில் நின்று, நுரையை ஒதுக்கி, பாட்டிலைத் தலைகீழாக முக்கி, உள்ளே வைத்துத் திருப்பி நிரப்புகிறோம். ஒரு பாட்டிலில், செல்கள் அழுகாமல் காக்கும் லுகால் அயோடின் கரைசல், தண்ணீர் வெளிறிய தேநீர் நிறத்துக்கு வரும்வரை. அதுதான் அளவு, குறைந்தால் செல்கள் கெட்டுவிடும், கூடினால் கருத்து அடையாளம் தெரியாது. இன்னொரு பாட்டிலில் எதுவும் சேர்க்காமல் வெயில் படாமல் வைப்போம். கவசமில்லாத வகைகள் அயோடின் பட்டால் உருக்குலைந்துவிடும், அவற்றை உயிரோடுதான் பார்க்க வேண்டும். 20 மைக்ரான் வலையையும் இழுத்தோம்.

மே 12

படியவிட்ட 50 மில்லி நேற்று மாலையிலிருந்து அசையாமல் இருந்தது. அடித்தட்டை வரிசை வரிசையாக நகர்த்திப் பார்த்துக்கொண்டே போனேன். கண்ணாடி ஓடுள்ள நுண்பாசிகளான டயாட்டம்கள்தான் ஏராளம், முள்முள்ளாக நீளும் கீட்டோசெரோஸ் சங்கிலிகள். நடுவே உருண்டையாக, இடுப்பைச் சுற்றிப் பள்ளத்தோடு ஒன்று. இன்னும் நகர்த்தினால் இன்னொன்று.

வலையில் பிடித்த உயிர் மாதிரிக்கு ஓடினேன். அங்கே அது தன்னைத்தானே திருகிக்கொண்டு நீந்திக்கொண்டிருந்தது. செல்லுலோஸில் ஒட்டி ஒளிரும் கால்கோஃப்ளூவர் சாயம் விட்டுப் புற ஊதா ஒளியில் வைத்ததும் செல்லுலோஸ் தகடுகளின் விளிம்புகள் நீலமாகத் துலங்கின. அலெக்ஸாண்ட்ரியம், சிப்பியை நஞ்சாக்கும் நுண்பாசி.

தட்டு முழுக்கத் தேடியும் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் எண்ணிக்கைதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 50 மில்லியில் ஒரு செல் என்றால் லிட்டருக்கு 20. ஸ்காட்லாந்தில் லிட்டருக்கு 40 செல் தொட்டாலே எச்சரிக்கை மணி. கடல் நிறம் மாறுவதற்கோ லட்சக்கணக்கில் வேண்டும். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் தூரம் முழுக்கக் கண்ணுக்குத் தெளிந்த தண்ணீர்தான்.

சிப்பி மாதிரியை நச்சுச் சோதனைக்கு அனுப்பினோம். எச்சரிக்கை இன்றே போக வேண்டும், முடிவு வரட்டும் என்று காத்திருக்க முடியாது.

மே 13

பலகையில் என்ன எழுதுவது என்று நீண்ட விவாதம். "கடல் பாதுகாப்பானது அல்ல" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இந்தத் தண்ணீரில் குளிப்பதால் ஆபத்து இல்லை. அலெக்ஸாண்ட்ரியத்தின் நச்சான சாக்ஸிடாக்ஸின், தண்ணீரை வடிகட்டித் தின்னும் சிப்பியின் சதைக்குள் சேர்கிறது. ஆபத்து அதைச் சாப்பிடுவதில். பொத்தாம்பொதுவாகப் பயமுறுத்தினால், குளித்துவிட்டு ஒன்றும் ஆகாமல் வீடு திரும்புகிறவர் அடுத்த பலகையை நம்பமாட்டார். கடைசியில் எழுதியது: "குளிக்கலாம். சிப்பி, மட்டி எதையும் எடுத்துச் சாப்பிடக் கூடாது. வேகவைத்தாலும் நச்சு போகாது."

கடைசி வரிக்காகத்தான் அதிகம் வாதாடினேன். 1793 ஜூனில் கேப்டன் வான்கூவரின் மாலுமிகள் வட அமெரிக்க மேற்குக் கரையில் காலை உணவுக்குச் சிப்பி சாப்பிட்டார்கள். உதடும் விரல்களும் மரத்தன. ஜான் கார்ட்டர் என்பவர் அன்றே இறந்தார். அந்த விரிகுடாவுக்கு 'பாய்சன் கோவ்' என்ற பெயர் நிலைத்தது. இந்த நச்சுக்கு மாற்று மருந்து இன்றும் கிடையாது. மூச்சுத் தசைகள் செயலிழந்தால், நச்சு உடலைவிட்டு வெளியேறும்வரை செயற்கை சுவாசம் கொடுத்துக் காப்பாற்றலாம். அதற்கு நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மே 16

முடிவு வந்துவிட்டது. எல்லை, கிலோ சதைக்கு 800 மைக்ரோகிராம். தாண்டிவிட்டது.

மாலையில் பாறைப் பக்கம் ஒரு பெரியவர் கூடையும் கத்தியுமாக. பலகை அவருக்குப் பத்தடி தூரத்தில்தான் இருந்தது.

"ஐயா, இப்ப எடுக்காதீங்க. விஷம் ஏறியிருக்கு."

"தண்ணி கண்ணாடியாட்டம் இருக்கேம்மா. போன வாரம் செவப்பா கெடந்தப்ப நானே வரலையே."

அவர் சொன்னதில் அவர் கண்ட உண்மை இருக்கிறது. எதிர்த்துப் பேசத் தோன்றவில்லை. ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப்போய் மைக்ரோஸ்கோப்பில் காட்டினேன். நெடுநேரம் குனிந்து பார்த்தார். "இது சுத்திக்கிட்டே இருக்கே" என்றார். கூடையைக் கடலிலேயே கவிழ்த்துவிட்டு, பக்கத்துப் பாறைக்காரர்களிடமும் தானே போய்ச் சொன்னார். எங்கள் பலகையைவிட அவர் சொல் தூரம் போகும்.

மே 25

செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து எச்சரித்தால் போதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். பெரிய பெருக்கங்கள் எங்கே நகர்கின்றன என்று காட்டுவதில் அதற்கு ஈடில்லை. ஆனால் சென்டினல்-3 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படத்தில் ஒரு புள்ளி 300 மீட்டர். கரையோரத்தில் மணலும் நுரையும் அதில் கலந்துவிடும். அது பார்ப்பது பச்சையத்தின் நிறத்தை. லிட்டருக்குச் சில நூறு செல்கள் அதன் கண்ணில் படாது.

ஜூன் 8

தண்ணீரில் அலெக்ஸாண்ட்ரியம் இல்லை. சிப்பியில் நச்சு இன்னும் எல்லைக்கு மேலே. "பாசி போயிடுச்சே, பலகையை எடுங்க" என்று நெருக்குகிறார்கள். பிழைப்பு நின்றுபோனவர்களின் கோபம் நியாயமானது, அதற்காகவே ஒவ்வொரு முடிவையும் வந்த அன்றே ஒட்டுகிறோம். ஆனால் தண்ணீர் தெளிந்த வேகத்தில் சதை தெளியாது. பாறைச் சிப்பி சில வாரங்களில் நச்சை வெளியேற்றிவிடும். மணலில் புதையும் மட்டி வகைகளில் சில மாதக்கணக்கில், அபூர்வமாக ஒரு வருஷத்துக்கும் மேல் வைத்திருக்கும். இரண்டையும் ஒன்றாகத் திறந்துவிட முடியாது.

ஜூன் 22

சிப்பியில் அடுத்தடுத்த இரண்டு சோதனைகளும் எல்லைக்குக் கீழே. 'சிப்பி' என்ற சொல்லை மட்டும் பலகையிலிருந்து அழித்தோம். மட்டிக்குத் தடை தொடர்கிறது.

அடுத்த வேலை வண்டல். பெருக்கம் முடியும் தறுவாயில் அலெக்ஸாண்ட்ரியம் உறங்கு செல்களாக மாறி அடிச்சேற்றில் இறங்கிவிடும். வருஷக்கணக்கில் கிடந்து, வெப்பமும் பருவமும் ஒத்துவரும்போது முளைக்கும். எங்கே அடர்த்தியாகக் கிடக்கிறது என்று தெரிந்தால் அடுத்த பருவத்தில் முதல் பாட்டிலை எங்கே முக்குவது என்று தெரியும். சேறு எடுக்கும் குழாய்களைக் கழுவி வைத்தாயிற்று. நாளை காலை படகு.