ஓட்டை அடைபட்ட இடம்

பெரம்பூரில் ஒரு மாடி அறையில் கீபோர்டு வகுப்பு எடுக்கிறேன். ஒருநாள் சாயங்காலம் வகுப்பு நடுவே கரண்ட் போய்விட்டது. சரி, கையாவது இருக்கிறதே என்று அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷ் 1972-இல் எழுதிய, வெறும் கைதட்டலாலேயே ஆன ‘கிளாப்பிங் மியூசிக்’கை எடுத்தேன்.

இரண்டே பேர் போதும். மூன்று தட்டு, ஒரு விடுப்பு, அதாவது தட்டாமல் விடும் ஒரு எண்ணிக்கை. இரண்டு தட்டு, விடுப்பு. ஒரு தட்டு, விடுப்பு. இரண்டு தட்டு, விடுப்பு. மொத்தம் 12 எண்ணிக்கை. ஒருவர் இதையே கடைசிவரை தட்டுவார். மற்றவர் அவ்வப்போது ஒரு எண்ணிக்கை நகர்வார். நம் ஊர்த் தாளக் கணக்கில், எடுப்பு, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம், தள்ளிக்கொண்டே போகிறது. 12 முறை நகர்ந்ததும் இருவரும் பழையபடி ஒன்றாகிவிடுவார்கள்.

பெரிய பையன்கள் இருவர் தட்டினார்கள். மற்றவர்களிடம், “மாறும்போதெல்லாம் கையைத் தூக்குங்க” என்றேன். தன் இசை எப்படி நகர்கிறது என்பது கேட்பவர் காதிலேயே விழ வேண்டும் என்று 1968-லேயே ஒரு கட்டுரையில் வாதாடியவர் ரைஷ். அதை நம்பி, கைகள் 12 தடவை உயரும் என்று காத்திருந்தேன். முதல் நகர்வில் எல்லாக் கையும் உயர்ந்தது. அப்புறம் குழப்பம்தான். விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்த பிள்ளைகள்தான் முதலில் தொலைந்துபோனார்கள்.

மகளை அழைத்துப்போக வந்த அப்பா ஒருவர் படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ரயில்வே லோகோ ஒர்க்ஸில் வேலை. “ஆரம்பத்துல ஓட்டையெல்லாம் அடைச்சுக்கிச்சு சார். நடுவுல இன்னொரு வாட்டியும் அதே மாதிரி ஆச்சு” என்றார்.

நான் தலையாட்டி வைத்தேன், அவ்வளவுதான். ராத்திரி காகிதத்தில் 12 கட்டம் போட்டு, விடுப்புகளைக் கறுப்பாக்கி, ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தேன். மற்ற நகர்வுகளில் எங்கேயாவது இருவரும் சேர்ந்து சும்மா இருக்கும் இடம் ஒன்றோ இரண்டோ மிஞ்சுகிறது. ஒன்றாவது, ஆறாவது, பதினோராவது நகர்வுகளில் மட்டும் ஒன்றுகூட இல்லை. ஒருவர் விட்ட இடத்தையெல்லாம் மற்றவர் தட்டி நிரப்பிவிடுகிறார். எத்தனையோ வருஷமாக இதைச் சொல்லிக்கொடுக்கிறேன், எனக்குத் தோன்றவே இல்லை. நான் எடுப்பைத் துரத்திக்கொண்டிருந்தேன். அவர் காது மௌனத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் அவரைப் பார்த்ததும், “மூணாவதா ஒண்ணும் இருக்கு, கடைசிக்கு முன்னாடி” என்றேன்.

சிரித்தார். “அதுவும் கேட்டுச்சு சார். முடியப்போவுதேன்னு கண்டுக்கல.”