மரத்தொழிலுக்கு என்ன பயிற்சி தேவை? வன்னியில் கேட்டுத் திரிந்த அனுபவம்

மரத்தொழில், காட்டுத்தொழில் பக்கம் பயிற்சித் தேவை மதிப்பீடு செய்யப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். "உங்களுக்கு என்ன பயிற்சி வேணும்?" என்று கேட்டுத் தொடங்காதீர்கள். இலங்கையின் வடக்கே வன்னியில், வவுனியா வடக்கு, ஒட்டுசுட்டான், மாங்குளம் பக்கம் ஒரு திட்டத்துக்காக நாங்கள் இறங்கியபோது எங்கள் கையில் தந்த கேள்வித்தாளின் முதல் கேள்வியே அதுதான். போன இடமெல்லாம் கம்பியூட்டர், இங்கிலிஷ், தையல் என்றுதான் பதில் வந்தது. இதுவரை ஊருக்கு வந்த திட்டங்கள் தந்ததும் அவைதானே, கிடைக்கிறதைத்தான் சனம் கேட்கும். வாள் ஓடுகிற சத்தத்துக்கு மேலாகக் கத்தி "கம்பியூட்டர் எண்டு போடு தங்கச்சி" என்றார் ஒரு மரக்காலைத் (மரம் அரிந்து விற்கிற இடம்) தொழிலாளி. அவருடைய இடது கையில் இரண்டு விரல் இல்லை. அந்தத் தாளில் அதை எழுத இடமே இல்லை.

இன்னொரு சிக்கல், யாரிடம் கேட்பது என்பது. இயற்கைக் காட்டில் மரம் தறிப்பது 1990 இல் நிறுத்தப்பட்டுவிட்டது, இப்போது மரம் வருவது பெரும்பாலும் தேக்கந்தோட்டங்களிலும் வீட்டு வளவுகளிலும் இருந்துதான். வனத் திணைக்கள அலுவலர்களுக்கு நுவரெலியாவில் வனவியல் கல்லூரி இருக்கிறது. ஆனால் தறிக்கிறவர், ஏற்றுகிறவர், அரிகிறவர், நாற்றுமேடையில் கன்று வளர்க்கிற பெண்கள், இவர்கள் யாரும் தங்களை வனத்துறை ஆட்கள் என்று சொல்லிக்கொள்வதில்லை, கேட்டால் "கூலி வேலை" என்பார்கள். பட்டியலை அலுவலகத்தில் இருந்து எடுத்தால் இவர்கள் அதில் வரவே மாட்டார்கள். நாங்கள் மரக்காலைகளில் தொடங்கி, மரம் எங்கிருந்து வருகிறது, யார் தறித்தது, யார் ஏற்றியது என்று பின்னோக்கிக் கேட்டுக்கேட்டுத்தான் ஆட்களைப் பிடித்தோம்.

அப்புறம் கேள்வித்தாளை ஒதுக்கிவிட்டு டாக்கம் முறைக்கு மாறினோம். 1960களில் கனடாவில் உருவானது. ஒரு தொழிலைத் திறமாகச் செய்கிற சிலரை உட்காரவைத்து, அந்த வேலையை ஒவ்வொரு படியாக அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து, அட்டைகளில் எழுதிச் சுவரில் ஒட்டுவது. விரிவுரையாளரும் மேற்பார்வையாளரும் அந்த வட்டத்தில் இருக்கக்கூடாது, செய்கிறவர்தான் பேசவேண்டும். வாசிக்கச் சிரமப்பட்டவர்களும் இருந்தார்கள், அவர்களுக்கு நாங்கள் அட்டையில் படம் கீறினோம். "காலையில வந்தவுடன என்ன செய்வீங்கள் அண்ணை?" என்று தொடங்கினால் போதும், நிறுத்துவதுதான் கஷ்டம்.

ஆனாலும் கேட்டது போதாது, பார்க்கவேண்டும். நெடுங்கேணிப் பக்கம் ஒரு வளவில் தேக்குத் தறித்த ஒருவரோடு நின்றேன். செயின்சோவை நிறுத்திவிட்டுக் குனிந்து, விழுந்து கிடந்த தூளை உள்ளங்கையில் அள்ளிப் பார்த்தார். வாள் கூராக இருந்தால் செதில் செதிலாக வரும், மழுங்கினால் மாவாகக் கொட்டும். மாவைக் கண்டதும் சட்டைப்பையில் இருந்து வட்ட அரத்தை எடுத்து, ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே அளவு இழுப்பு, ஒரே சரிவு, எண்ணிக்கொண்டே தீட்டினார். அவருக்கு யாரும் கூர்தீட்டப் படிப்பிக்கத் தேவையில்லை, அவரை வைத்து மற்றவர்களுக்குப் படிப்பிக்கவேண்டும். அதே மனிதர் காலில் ரப்பர் செருப்பு. மரம் விழும்போது உயரத்தின் இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேறு ஒருவரும் நிற்கக்கூடாது என்பது விதி, அவருடைய உதவியாள் கிட்டவே நின்று கயிறு பிடித்தார். வாளின் நுனி மரத்தில் பட்டால் முகத்தை நோக்கித் திருப்பி அடிக்கும் என்பதும் அவருக்குத் தெரியும், தலைக்கவசம் ஏன் இல்லை என்று கேட்டால் "ஆர் வாங்கித் தாறது?" என்கிறார்.

எங்கள் மதிப்பீட்டின் முக்கியமான பிரிப்பே இங்கேதான் வந்தது. தெரியாமல் செய்வது வேறு, தெரிந்தும் வசதி இல்லாமல் செய்வது வேறு. முதலாவதுக்குத்தான் பயிற்சி. இரண்டாவதுக்குச் சப்பாத்தும் தலைக்கவசமும், லோட் கணக்கில் இல்லாமல் நாள் கணக்கில் கூலியும் வேண்டும். அதற்கும் வகுப்பு வைத்துச் சான்றிதழ் கொடுத்து அனுப்பினால், பழியைத் தொழிலாளியின் தலையில் போடுகிறோம் என்றுதான் அர்த்தம். அறிக்கையில் இதை எழுதக்கூடாது, "பயிற்சித் தேவை மட்டும் போதும்" என்று மேலே இருந்து சொன்னார்கள். விடவில்லை, தனி அட்டவணையாகச் சேர்த்தோம்.

எந்தப் பாடத்திட்டத்திலும் காணாத ஒன்றும் கிடைத்தது. யுத்தத்தில் ஷெல் துண்டும் சன்னமும் ஏறிய மரங்கள் இன்னும் வந்துகொண்டே இருக்கின்றன. மேலே பட்டை மூடி வளர்ந்துவிடும், இரும்பு உள்ளே இருக்கும். வாளில் பட்டால் வாள் போகும், சிலவேளை ஆளும் போகும். மரம் அரிகிற ஒரு ஐயா குற்றியின் தலைப்பை நனைத்துத் துடைத்துவிட்டு ஒரு இடத்தில் விரலை வைத்தார், நீலக்கறுப்பாகக் கறை ஓடியிருந்தது. மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் அந்த நிறம் வரும். பட்டையில் இருக்கும் பழைய தழும்பையும் பார்ப்பாராம். இதைப் படிப்பிக்க இங்கே அவரைப்போன்ற ஆட்களை விட்டால் வேறு ஆள் இல்லை, அதனால் பயிற்றுநர் பட்டியலில் அவரைப்போல ஆட்களை முதலில் போட்டோம்.

நாற்றுமேடைப் பெண்கள் விஷயம் வேறு. தேக்கு விதையை ஊறவைத்து, காயவைத்து, திரும்ப ஊறவைத்து முளைக்கப்பண்ணுவது அவர்களுக்குத் தண்ணிபட்ட பாடு. சப்போட்டா ஒட்டுவதற்குப் பாலைக் கன்றுதான் அடிக்கட்டை என்பதும் தெரியும். அவர்கள் கேட்டது கணக்கு: ஒரு கன்றுக்கு என்ன செலவு, என்ன விலை சொல்லவேண்டும், கொள்வனவுக் கடிதம் எப்படி எழுதுவது. வளவு மரம் விற்கிறவர்கள் அனுமதி நடைமுறையைக் கேட்டார்கள். பலா, ஈரப்பலா, பெண்பனை தறிக்க அனுமதி வேண்டும் என்ற சட்டம் 1951 இல் இருந்தே இருக்கிறது, ஆனால் கிராம அலுவலரிடம் தொடங்கி எங்கெங்கே போகவேண்டும் என்று தமிழில் ஒரு தாள் அவர்கள் கைக்கு வரவில்லை. ஒரு அலுவலகத்தில் படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தது. அங்கே பயிற்சி தேவைப்படுவது கவுண்டருக்கு உள்ளே இருப்பவருக்கு என்று எழுதிவிட்டோம்.

சான்றிதழ் வேண்டும் என்று இளம் ஆட்கள் கேட்டது நியாயம்தான். தேசிய தொழில் தகைமையில் ஏழு மட்டங்கள் உண்டு, வகுப்புக்குப் போகாமலே செய்துவந்த வேலையைக் காட்டித் தகைமை பெறும் வழியும் அதில் இருக்கிறது. இருபது வருஷம் வாள் பிடித்தவரை ஆறு மாத வகுப்பில் உட்காரவைக்காமல் அந்த வழியில் அனுப்பவேண்டும் என்று பரிந்துரைத்தோம்.

கடைசியாக, காலம். மே முதல் ஆவணி வரை காட்டுப் பாதை காய்ந்திருக்கும், அப்போது வகுப்பு வைத்தால் ஒருவரும் வரமாட்டார்கள், அதுதான் உழைக்கிற நேரம். தைக்குப் பிறகு நெல் அரிவு வெட்டு. விதைப்பு முடிந்து, மழையில் லொறி இறங்காத கார்த்திகை, மார்கழியில்தான் ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். வருஷ முடிவுக்குள் காசைச் செலவழிக்கவேண்டும் என்று ஆடியில் பயிற்சி வைக்க வருகிற திட்டக்காரர்களுக்கு அந்த நாட்காட்டியை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே போட்டுக் கொடுத்திருக்கிறோம்.