விழுந்த விமானத்தின் கடிதம்

புதுச்சேரியில் பழைய வீடுகளைக் காலி செய்யும்போது வெளிவரும் தாள்கள், காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுக்கு மூட்டையாக வந்துசேரும். பிரெஞ்சு இந்தியத் தபால்தலை ஒட்டிய உறையை வியாபாரி தனியாக எடுத்து வைத்து விலை சொல்வார். தபால்தலை போய், மை கசிந்து, ஓரம் கருகியவற்றை எடைக்குப் போடுவார். அந்த இரண்டாவது குவியலைத்தான் முதலில் கிளற வேண்டும். அதில் ஒன்றிரண்டு, விபத்துக்குள்ளான விமானத்திலிருந்து மீட்டுப் பட்டுவாடா செய்யப்பட்டவையாக இருக்க வாய்ப்பு உண்டு. சேகரிப்பவர்கள் இவற்றை ‘கிராஷ் கவர்’ என்பார்கள்.

நம் ஊருக்கு இந்த வாய்ப்பு கூடுதலாக இருப்பதற்குக் காரணம் சைகோன். அது அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இந்தோசீனாவின் நகரம், இன்றைய வியட்நாமில் இருக்கிறது. பட்டாளத்திலும் அரசு வேலையிலும் இங்கிருந்து இந்தோசீனா போன குடும்பங்கள் ஏராளம். 1931 ஜனவரியில் மார்செயிலிருந்து சைகோனுக்கு விமானத் தபால் தொடங்கியது. டமாஸ்கஸ், பாக்தாத், கராச்சி, கல்கத்தா, ரங்கூன், பாங்காக் என்று நீண்ட பாதை அது. பிரிட்டிஷ் வழியில் லண்டன்–கராச்சி சேவை 1929 மார்ச் 30-இல் புறப்பட்டது. கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்கு டாடா விமானம் 1932 அக்டோபர் 15 முதல். விமானம் சென்னையோடு நின்றுவிடும். கடலூருக்கோ புதுச்சேரிக்கோ அதற்குமேல் ரயில்தான்.

ஒரு உறையைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டிய கேள்வி, ‘எந்த விபத்து?’ அல்ல. ‘விழும்போது டேங்கில் பெட்ரோல் இருந்ததா?’ என்பதுதான். கடிதத்தின் கதி பெரும்பாலும் அதில்தான் அடங்கியிருக்கிறது. பெட்ரோலோடு தரையில் மோதிய விமானம் எரியும். பெட்ரோல் தீர்ந்து விழுந்த விமானம் நொறுங்கினாலும் தபால் மூட்டை பிழைத்துக்கொள்ளும்.

இதற்குச் சுத்தமான உதாரணம் லிண்ட்பெர்க். அட்லாண்டிக்கைத் தனியாகக் கடப்பதற்கு முன்பு அவர் செயின்ட் லூயிஸ்–சிகாகோ தபால் விமானி. 1926 செப்டம்பர் 16 இரவு சிகாகோவை மூடுபனி மூடிக்கிடந்தது. இறங்க வழியில்லாமல் சுற்றினார். வழக்கமாக அந்த விமானத்தில் 110 கேலன் டேங்க் இருக்கும். பழுதுபார்க்கக் கழற்றியபோது 85 கேலன் டேங்கை மாட்டிவிட்டு, அதை விமானியிடம் சொல்லவில்லை. ஏறத்தாழ 95 லிட்டர் குறைவு. எஞ்சின் நின்றது, அவர் பாராசூட்டில் குதித்தார். எஞ்சின்தான் நின்றுவிட்டதே என்று சுவிட்சை அணைக்காமல் குதித்ததால், மூக்கு கவிழ்ந்ததும் டேங்கின் மூலையில் கிடந்த மிச்சம், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்கு ஓடி எஞ்சின் மறுபடி உயிர்பெற்றது. ஆளில்லாத விமானம் வட்டமடித்துக்கொண்டே, தொங்கிக்கொண்டிருந்தவரை நெருங்கி நெருங்கி வந்தது. கடைசியில் வயலில் விழுந்து நொறுங்கியது. தபாலுக்கு ஒன்றும் ஆகவில்லை. எரிவதற்கு உள்ளே எதுவும் இல்லை.

1931 ஏப்ரல் 19-இல் தீமோர் தீவின் கூபாங் அருகே விழுந்த ‘சிட்டி ஆஃப் கெய்ரோ’வும் இதே வகை. லண்டன்–ஆஸ்திரேலியா முதல் சோதனைத் தபால் அது. எரிபொருள் போதாமல் ஓடுதளத்துக்கு முன்பே கரடுமுரடான நிலத்தில் இறங்கி உடைந்தது. ஆஸ்திரேலிய விமானி கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித் தன் ‘சதர்ன் கிராஸ்’ விமானத்தில் போய் மூட்டைகளை எடுத்துவந்தார். இந்தக் கடிதங்களில் கறை தேடினால் கிடைக்காது. புறப்பட்ட முத்திரைக்கும் சேர்ந்த முத்திரைக்கும் இடையே உள்ள நாட்கள்தான் சாட்சி. ஆகவே சுத்தமான உறையாக இருந்தாலும் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் வைக்காதீர்கள்.

எரிந்தவற்றில் பேர்போனது ‘உய்வர்’. கே.எல்.எம். நிறுவனத்தின் டிசி-2 ரக விமானம். கிறிஸ்துமஸ் தபாலோடு ஆம்ஸ்டர்டாமிலிருந்து பதேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) போகும் வழியில், 1934 டிசம்பர் 20 அன்று இராக்கின் ருத்பா அருகே புயல்மழையில் விழுந்து எரிந்தது. ஏழு பேரும் மாண்டார்கள். கருகிய ஓரங்களோடு மீண்ட அதன் உறைகளை இன்றும் ஏலத்தில் பார்க்கலாம். நெருப்பில் போன தபால் எப்படித் தெரியும் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், போலிகள் அதிகம் வருவது இங்கேதான். கடிதங்கள் கட்டுக்கட்டாகக் கயிறு போட்டு, கட்டுகள் பைக்குள் நெருக்கமாக அடைக்கப்பட்டிருக்கும். நெருக்கிய தாளுக்கு நடுவே காற்று புகாது. அதனால் தீ வெளியோரத்தை மட்டும் தின்னும். உள்ளே போகப்போகக் கறுப்பு, அடர்பழுப்பு, வெளிர்மஞ்சள் என்று படிப்படியாக நிறம் இறங்கும். உறையும் உள்ளிருக்கும் கடிதமும் ஒரே வளைவில் கருகியிருக்கும். மெழுகுவத்தியில் காட்டியது அப்படி இராது: ஓரிடத்தில் புகைக்கரி படிந்து விரலில் ஒட்டும், நிறம் சட்டென்று முடியும், உள்தாள் வெள்ளையாகவே இருக்கும், அல்லது அதன் கருகல் உறையின் கருகலோடு பொருந்தாது. இன்னொன்று, போலி செய்பவர் தபால்தலையையும் முகவரியையும் கவனமாகக் காப்பாற்றியிருப்பார். நெருப்புக்கு அவ்வளவு மரியாதை தெரியாது.

உய்வருக்கு முந்தைய தலைமுறை விமானம் ஏன் இவ்வளவு சுலபமாக எரிந்தது? மரச்சட்டம், அதன்மேல் துணி, துணியை விறைப்பாக்க எளிதில் தீப்பற்றும் டோப் பூச்சு. அமெரிக்கத் தபால்துறை போரில் மிஞ்சிய டிஹெச்-4 விமானங்களை வாங்கிக்கொண்டது. அதில் விமானிக்கு முன்னே எஞ்சின், முதுகுக்குப் பின்னே பெட்ரோல் டேங்க். மூக்கு குத்தினால் இரண்டுக்கும் நடுவே ஆள் நசுங்குவார். ‘எரியும் சவப்பெட்டி’ என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. பிறகு விமானியைப் பின் இருக்கைக்கு மாற்றி, அவர் இருந்த முன்னிடத்தைத் தபால் பெட்டியாக்கினார்கள். ஆள் பிழைக்கும் வாய்ப்பு கூடியது; நசுங்கும் இடத்துக்குத் தபால் போனது. என்னைக் கேட்டால், அந்தச் சேவை செய்த மாற்றங்களிலேயே உருப்படியானது இதுதான்.

பிரெஞ்சுப் பாதையின் பெரிய அடி ‘எமரோட்’. சைகோனிலிருந்து பாரிஸ் திரும்பிய டெவோயட்டின் விமானம் 1934 ஜனவரி 15 மாலை, பனிப்புயலில் பிரான்சின் கோர்பிஞி அருகே விழுந்தது. பத்து பேரும் இறந்தார்கள். அவர்களில் இந்தோசீன கவர்னர் ஜெனரல் பியர் பாஸ்கியேவும், கிழக்குப் பாதையைத் திறந்த மொரீஸ் நோகெஸும் உண்டு. இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் வந்து, பாரிஸுக்குச் சில நூறு கிலோமீட்டர் இருக்கையில்.

கடல் விபத்துக்கு வருவோம். இந்தியா வரும் தபாலைப் பொறுத்தவரை ‘சிட்டி ஆஃப் கார்ட்டூம்’ முக்கியம். 1935 டிசம்பர் 31, கிரீட் தீவிலிருந்து அலெக்ஸாண்டிரியாவுக்கு வந்த மூன்று எஞ்சின் கடல் விமானம். இறங்க ஓரிரு நிமிடமே இருந்த நிலையில் மூன்று எஞ்சின்களும் ஏறக்குறைய ஒன்றாக நின்றன. ஒரு எஞ்சின் நின்றால் எஞ்சின் கோளாறு எனலாம். மூன்றும் சேர்ந்து நின்றால் டேங்கைத்தான் பார்க்க வேண்டும். கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் சிறு துளைகளான ஜெட்டுகளை மாற்றியிருந்தார்கள். பெட்ரோல் செலவு கூடியது, கணக்கு பழையபடியே இருந்தது. பன்னிரண்டு பேர் இறந்தார்கள். விமானி மட்டும் பல மணி நேரம் தண்ணீரில் கிடந்து ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலால் மீட்கப்பட்டார். பெட்ரோல் இல்லாததால் தீ இல்லை, ஆனால் மூட்டைகள் உப்புநீரில் ஊறின.

உப்புநீரில் ஊறிய உறையில் முதலில் போவது தபால்தலை. அதன் பசை தண்ணீரில் கரைவது. ‘பர் அவியோன்’ (விமானம் வழி) என்ற நீலச் சீட்டும் அப்படியே கழன்றுவிடும். முத்திரையின் பாதி தலைமேலும் பாதி உறைமேலும் விழுந்திருக்கும் அல்லவா? தலையோடு ஒரு பாதி போய்விடும், உறையில் பிறைபோல மற்றது நிற்கும். முத்திரை மை எண்ணெயும் கரியும் கலந்தது, கரையாது. பூதக்கண்ணாடியை வைத்து அந்தப் பிறையில் ஊர்ப்பெயரின் நாலெழுத்தோ தேதியின் ஒரு எண்ணோ கிடைத்தால் போதும், எந்த வாரத்து விமானம் என்று கணக்கிடலாம். முகவரி எதில் எழுதப்பட்டது என்பதும் உதவும். பென்சில் அப்படியே இருக்கும். டைப்ரைட்டர் கறுப்பு ரிப்பன் தாங்கும். பழைய இரும்பு மை ஓரளவு தாங்கும். ஊதா, பச்சைச் சாய மைகள் பரவி ஓடிவிடும். பக்கத்துக் கடிதத்தின் சாயம் இதன் முதுகில் கண்ணாடிப் பிம்பமாகப் பதிந்திருக்கும். ஈரக் கட்டுக்குள் இருந்ததற்கு அதைவிட நல்ல அத்தாட்சி இல்லை. வீட்டுக் கூரை ஒழுகி நனைந்த உறையில் இது வராது. அதில் ஒரு மூலையிலிருந்து தொடங்கும் பழுப்பு விளிம்புக் கறை மட்டும் இருக்கும்.

மீட்ட அஞ்சலகம் ‘கடல்நீரால் சேதம்’ என்ற பொருளில் ரப்பர் முத்திரை குத்துவது உண்டு. சில சமயம் அச்சிட்ட துண்டுச்சீட்டு ஒட்டும், சில சமயம் புது உறைக்குள் போட்டு அனுப்பும். அந்தப் புது உறையையும் துண்டுச்சீட்டையும் தூக்கி எறிந்துவிட்டு உள்ளே இருந்ததை மட்டும் வைத்தால் பாதி விஷயம் போச்சு. கழன்ற இடத்தில் அதே காலத் தபால்தலையைத் தேடி ஒட்டி ‘சரிசெய்யும்’ பழக்கமும் உண்டு. அதைவிட நாசம் வேறில்லை. முத்திரைக்கோடு தலையிலிருந்து உறைக்குத் தாண்டும் இடத்தில் அரை மில்லிமீட்டர் விலகினாலும் கண்டுபிடித்துவிடலாம்.

பெட்ரோல் இருந்தும் எஞ்சின் நிற்பது தனி ரகம். கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போது காற்று குளிர்ந்து, ஈரம் உறைபனியாகி வழியை அடைக்கும். வெளியே இருபது டிகிரி இருந்தாலும் ஈரக்காற்றில் இது நடக்கும். 1939 ஜனவரியில் நியூயார்க்–பெர்முடா பாதையில் ‘கவலியர்’ என்ற கடல் விமானம் அப்படித்தான் கடலில் இறங்கி மூழ்கியது. பிறகு எடுத்துப் பார்த்தாலும் பனி உருகிப்போயிருக்கும். பெட்ரோலில் தண்ணீர் கலப்பதும் அந்தக் காலத்தின் தீராத தலைவலி. டாடாவின் முதல் பயணத்தில் அகமதாபாத்தில் பெட்ரோல் வந்தது மாட்டுவண்டியில், நாலு கேலன் டின்களில். இப்படி டின்னிலிருந்து ஊற்றும்போது ஷாமி எனும் பதனிட்ட மெல்லிய தோல் வழியாக வடிகட்டுவார்கள். தோல் பெட்ரோலை விடும், தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பயணத்தில் பறந்த பஸ் மாத் ரகத்துக்கு வேறொரு நோய் இருந்தது: வேகத்தில் இறக்கையைத் தாங்கும் முட்டு அதிர்ந்து, இறக்கையே கழன்ற விபத்துகள் வெளிநாடுகளில் பல. முட்டுக்கு ஒரு துணைமுட்டு கொடுத்தபின் அடங்கியது.

வாங்குவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. சில விபத்துகளில் மீட்கக் கடிதமே இல்லை. 1936 டிசம்பர் 7-இல் பிரெஞ்சுத் தபால் விமானி மெர்மோஸ் ‘குருவா தியு சூட்’ விமானத்தோடு தென் அட்லாண்டிக்கில் மறைந்தார். பின்புற வலது எஞ்சினை நிறுத்துகிறோம் என்ற கம்பியில்லாச் செய்திக்குப் பிறகு ஒன்றுமே வரவில்லை. அந்த விமானத்தின் தபால் என்று யாராவது நீட்டினால் பர்ஸைத் திறக்காதீர்கள்.

வாங்கியதைக் காப்பாற்றுவது நம் கடற்கரைக் காற்றில் தனி வேலை. உப்பில் ஊறிய தாள் ஐப்பசி, கார்த்திகை மழையில் மறுபடி ஈரம் இழுக்கும், பூஞ்சை பிடிக்கும். பாலியஸ்டர் உறையில் போடுங்கள். பிவிசி உறை நாளாவட்டத்தில் அமிலம் கக்கும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் வைத்து, நிறம் மாறியதும் வறுத்து மறுபடி வையுங்கள். செல்லோடேப் கூடாது. கருகிய ஓரத்தைப் பிரஷ்ஷால்கூடத் தட்டக் கூடாது. இரண்டு பாலியஸ்டர் தாள்களுக்கு நடுவே, கீழே அமிலமில்லாத அட்டை கொடுத்துப் படுக்கையாக வையுங்கள், நிறுத்தி வைத்தால் ஓரம் உதிரும். பத்திரமாக இருக்கட்டும் என்று யாராவது லேமினேட் செய்துகொடுக்க முன்வந்தால், உறையைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.