அசனத்தில் தனிப்பந்தி எதற்கு?

எங்கள் பக்கம் பிரதிஷ்டைப் பண்டிகை, அதாவது கோயிலை (சர்ச்சை) பிரதிஷ்டை பண்ணின நாளின் பண்டிகை என்றால் கடைசியில் அசனம் இருக்கும். நெல்லை, தூத்துக்குடி மாவட்டத்து சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) கிராமங்களைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: சபையார் எல்லாரும் சேர்ந்து செலவு போட்டு, சேர்ந்து சமைத்து, சபைக்கும் ஊருக்கும் போடுகிற கறிச்சோறுதான் அசனம். வீட்டுக்கு வீடு அரிசி வாங்குவார்கள், பொருத்தனை (நேர்ச்சை) பண்ணினவர்கள் ஆடு கொண்டுவந்து கட்டுவார்கள், மும்பையிலும் சென்னையிலும் துபாயிலும் இருக்கிறவர்கள் பணம் அனுப்புவார்கள், முடிந்தால் லீவு போட்டு வந்தே விடுவார்கள். கிறிஸ்துமஸுக்கு வராத பிள்ளைகள்கூட அசனத்துக்கு வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

முந்தின ராத்திரி கோயில் வளாகத்துக்கு வந்து பார்த்தால்தான் சபை என்றால் என்னவென்று புரியும். ஒரு பக்கம் மண்ணில் நீளமாக அடுப்பு வெட்டி விறகு அடுக்கியிருக்கும். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து உள்ளி உரிப்பார்கள், கண்ணீர் வழிய வழிய ஞானப்பாட்டும் ஊர்க்கதையும் மாறி மாறி ஓடும். சேகரத் தேர்தலில் (சேகரம் என்றால் சில சபைகள் சேர்ந்த அமைப்பு) எதிரெதிர் அணியில் நின்று, அதற்குப் பிறகு மாசக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாதவர்கள் ஒரே அண்டாவின் இரண்டு காதையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து இறக்குவார்கள். சூடு கையில் ஏறும்போது "அண்ணாச்சி, மெதுவா" என்று வாய் தன்னால் சொல்லிவிடும். விடியும்போது வடித்த சோறு ஓலைப்பாயில் குவிந்து கிடக்கும், மேலே வெள்ளை வேட்டி மூடியிருக்கும். ஆராதனை நடக்கும்போதே கறி வாசம் ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிடும். அந்த நேரத்தில் முக்கால் மணி நேரம் பிரசங்கம் பண்ணுகிற ஐயர்மார் (எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்போம்) மேல் எனக்குக் கோபம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்ச வருஷமாக எங்கள் சபையில் ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. வெளியே பந்தலில் எல்லாருக்கும் பந்தி, உள்ளே ஹாலில் "முக்கியமானவர்களுக்கு" மேசை, நாற்காலி, ஃபேன், பாட்டில் தண்ணீர். உள்ளே யார் என்றால் கமிட்டிக்காரர்கள், பெரிய தொகை கொடுத்தவர்கள், வெளியூரிலிருந்து வந்த விருந்தாளிகள். வயசானவர்களுக்கும் தரையில் உட்கார முடியாதவர்களுக்கும் நாற்காலி போடுவதை நான் சொல்லவில்லை, அது கட்டாயம் வேண்டும். ஆனால் காணிக்கைத் தொகையைப் பார்த்து இடம் பிரிப்பது அசனம் ஆகாது. ராத்திரி முழுக்க அடுப்படியில் நின்ற ஆள் வெளியே வரிசையில் நிற்கிறார், காலையில் காரில் வந்து இறங்கியவருக்கு உள்ளே முதல் இலை.

பழைய ஐயர் ஒருவர் இருந்தார். "ஐயா, உங்களுக்கு உள்ள போட்டிருக்கு" என்று கூப்பிட்டதற்கு, "இங்கேயே ஒரு இலையைப் போடுங்க" என்று அங்கியை ஒதுக்கிக்கொண்டு சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார். அவர் பண்ணின பிரசங்கங்களில் பாதி இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது, அவர் உட்கார்ந்த இடமும் அதற்கு ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

கூட உட்கார்ந்து சாப்பிடுவது நம் சபைகளில் சும்மா கிடைத்த காரியம் இல்லை.  1820இல் மிஷனரி ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தார், அவர் நடத்திய பள்ளியில் பையன்கள் சாதி பார்த்துச் சேர்ந்து சாப்பிட மறுத்ததே பெரிய பிரச்சினையாக இருந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்துச் சபைகளில் அப்போது சாதி பார்த்து உட்காரும் இடம் தனி, நற்கருணை (கர்த்தருடைய இராப்போஜனம் என்கிற அப்பமும் ரசமும்) வாங்குவதிலும் முன்பின் இருந்தது. 1833இல் கல்கத்தா பேராயர் வில்சன் சாதி வேற்றுமையைச் சபையை விட்டு ஒழிக்க வேண்டும் என்று கட்டளை அனுப்பியபோது, அதை ஏற்காமல் கோயிலை விட்டே விலகிப் போனவர்கள் ஏராளம். ஒரே பாயில் உட்காரவும் ஒரே பாத்திரத்தில் குடிக்கவும் நம் முன்னோர் அவ்வளவு சண்டை போட்டிருக்கிறார்கள். சாதி இன்னும் சபையை விட்டு முழுசாகப் போய்விடவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும், அதோடு பணத்தையும் கூட்டிக்கொண்டு வர வேண்டுமா?

இதே விஷயத்தைத்தான் பைபிளில் பவுல் அப்போஸ்தலர் கொரிந்து சபைக்கு எழுதுகிறார், முதலாம் நிருபம் 11ஆம் அதிகாரம். இருக்கிறவர்கள் முந்திக்கொண்டு சாப்பிடுகிறார்கள், இல்லாதவர்கள் பசியோடு நிற்கிறார்கள், அப்படியானால் நீங்கள் சாப்பிடுவது கர்த்தருடைய இராப்போஜனமே அல்ல என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறார். நற்கருணை ஆராதனையில் வருஷம் பூராவும் நாம் கேட்கிற "இதை என் நினைவாகச் செய்யுங்கள்" பகுதி அந்தக் கண்டிப்புக்கு அடுத்தாற்போல வருகிறது. மேலே உள்ள வசனங்களை மட்டும் யாரும் பிரசங்கம் பண்ணுவதில்லை. போன பண்டிகையில் ஒரு இளம் சபை ஊழியர் அதை எடுத்துப் பேசினார், பதினைந்து நிமிஷம்தான், உதாரணக் கதை ஒன்றுகூடக் கிடையாது. முன்வரிசையில் சிலர் நெளிந்தார்கள். அப்புறம் வெளியே வந்தால் ஹாலில் மேசைகள் அப்படியே போட்டிருந்தன.

நம் ஆராதனை முறைமையில் சமாதானம் கொடுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானதற்குப் பிறகு வந்த நற்கருணை முறைமையில் அதைச் சேர்த்தார்கள். பீடத்திலிருந்து புறப்பட்டு கைக்குக் கை மாறி கடைசி பெஞ்சு வரைக்கும் வரும், ஒருவர் வலது உள்ளங்கையை மற்றவர் வலது உள்ளங்கையில் வைத்து இடது கையால் மூட வேண்டும். அதில் காணிக்கைப் புத்தகத்தைப் பார்த்துக் கை நீட்டச் சொல்லவில்லை. உள்ளே அப்படிக் கை கொடுத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து இலை போடும்போது மட்டும் ஆள் பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

செலவு அதிகம், பெரிய தொகை கொடுப்பவர்களைக் கவனிக்காவிட்டால் அடுத்த வருஷம் கொடுக்கமாட்டார்கள் என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். இருக்கலாம். அப்படியென்றால் ஒரு ஆடு குறையட்டும், கத்தரிக்காய்க் கூட்டோடு சாப்பிடுவோம். கொடுப்பவர்களில் நிறையப் பேர் இந்தத் தனி மேசையைக் கேட்கவே இல்லை என்பதும் எனக்குத் தெரியும், நாம்தான் வலிய இழுத்துக்கொண்டு போய் உட்காரவைக்கிறோம். அடுத்த சபைக் கூட்டத்தில் இதை எழுத்தாகவே கொடுக்கப் போகிறேன்: ஹால் முழுவதும் முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும், மற்ற எல்லாரும் பந்தலில், ஐயரும் கமிட்டியும் உட்பட. கையெழுத்துப் போட விருப்பமுள்ள சபையார் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மணிக்கூண்டுப் பக்கம் வாருங்கள், தாள் என்னிடம் இருக்கும்.