முதல் பாடவேளையில் மல்லிகை வாசம்

நிலக்கோட்டைப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். காலையில் வகுப்புக்குள் நுழைந்தாலே மல்லிகை வாசம் அடிக்கும். பெண்கள் தலையில் வைத்த பூவின் வாசம் என்றுதான் இரண்டு ஆண்டுகள் நினைத்திருந்தேன்.

2023-24இல் படித்த ஒரு பெண். மூன்றாவது பெஞ்ச், சுவரோரம். முதல் பாடவேளையில் தூங்குவாள். எழுப்பினால் எழுந்து நிற்பாள். நின்றபடியே கண் சொருகும். வீட்டுப்பாடம் கிடையாது. காலாண்டுத் தேர்வில் 19. படிப்பில் பின்தங்கியவர்களுக்கான ‘மெல்ல மலரும் மாணவர்’ பட்டியலில் அவள் பெயரை எழுதி, காரணம் என்ற கட்டத்தில் ‘ஆர்வமின்மை’ என்று நிரப்பினேன். அந்தக் கட்டத்தில் ஒரு சொல்லுக்குத்தான் இடம். எனக்கும் அதற்குமேல் தெரிந்திருக்கவில்லை.

காலாண்டு விடுமுறை முடிந்த வாரத்தில், மதுரைக்கு முதல் பஸ்ஸைப் பிடிக்க நாலரை மணிக்குச் சாலையில் நின்றேன். எதிரே இருந்த தோட்டத்தில் ஏழெட்டு வெளிச்சப் புள்ளிகள் தாழ்வாக நகர்ந்துகொண்டிருந்தன. நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு பூ எடுக்கிறவர்கள். அவற்றில் ஒன்று நிமிர்ந்து, “வணக்கம், சார்” என்றது. வகுப்பில் அந்தக் குரல் இவ்வளவு தெளிவாக ஒலித்து நான் கேட்டதில்லை. சேலைத் துணியை மடியாகக் கட்டி, இரண்டு கைகளாலும் பறித்துக்கொண்டிருந்தாள். முற்றிய மொட்டை எடுத்து, பிஞ்சை விட்டு, விரல்கள் நிற்காமல் ஓடின. பேசும்போதும் கை நிற்கவில்லை.

மல்லிகையை மொட்டாகவே பறித்தாக வேண்டும். விடிந்ததும் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். பங்குனி, சித்திரையில் செடி கொட்டித் தீர்க்கும். வீட்டில் இருக்கிற கைகளெல்லாம் தோட்டத்துக்குப் போகும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வும் அதே நாட்களில்தான் வருகிறது.

அப்புறம்தான் மற்றதையும் கவனிக்கத் தொடங்கினேன். தோட்டத்திலிருந்து வந்து, தம்பியைக் குளிப்பாட்டி, தொடக்கப் பள்ளியில் விட்டுவிட்டு வருகிறாள். தம்பிக்கு அங்கே காலை உணவு உண்டு. 2022 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். பத்தாம் வகுப்புக்கு மதியச் சத்துணவு உண்டு. காலையில் ஒன்றும் இல்லை. புதன்கிழமை தம்பி பொங்கல் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, வெறும் வயிற்றோடு வந்து என்னிடம் காரணிப்படுத்துதலைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

தலைமையாசிரியையிடம் போய் பாடவேளையை மாற்றக் கேட்டேன். “கணக்குக்குக் காலைதான் சார் நல்லது. மூளை தெளிவாக இருக்கும்” என்றார். “நம்முடைய மூளை தெளிவாக இருக்கும், மேடம்” என்றேன். அவர் சிரித்துவிட்டு, தமிழையாவின் வகுப்போடு மாற்றிக் கொடுத்தார். “தமிழ் மட்டும் தூக்கத்தில் வந்துவிடுமா?” என்று தமிழையா ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் கோபம் நியாயமானதுதான். அதற்கு என்னிடம் இன்றும் பதில் இல்லை.

பிஸ்கட் வாங்கிக் கொடுத்தபோது அவள் வாங்கவில்லை. “சாப்பிட்டுவிட்டேன், சார்” என்றாள். பசித்தவர்களுக்கு மட்டும் என்று கொடுத்தால் யாரும் கை நீட்ட மாட்டார்கள் என்பது அன்றைக்குப் புரிந்தது. மறுநாளிலிருந்து வகுப்பு முழுவதற்கும் கொடுத்தோம். அவளும் எடுத்துக்கொண்டாள்.

கணக்கில் தேர்ச்சிக்கு 35 வேண்டும். இதற்கு ஆசிரியர்களிடம் ஒரு பழைய வழி உண்டு: ஒரு மதிப்பெண் கேள்விகள் 14, செய்முறை வடிவியல் 8, வரைபடம் 8, இதைப் பிடித்தாலே 30 வந்துவிடும். படிப்பைக் கூறு போட்டு விற்கிற மாதிரி இருக்கிறது என்று இதை நான் ஏளனம் செய்ததுண்டு. அவளுக்கு அங்கிருந்துதான் தொடங்கினேன். விலைவாசியை வைத்துச் சமன்பாடு சொல்லலாம் என்று ஒரு நாள் மல்லிகை கிலோ கணக்கைப் பலகையில் எழுதினேன். “பூவை இங்கேயும் கொண்டுவந்துவிட்டீர்களா, சார்?” என்றாள். அழித்துவிட்டேன்.

வடிவொத்த முக்கோணம் வரைவதில் அவள் கை நன்றாகப் படிந்தது. அரையாண்டுத் தேர்வில் வடிவியலுக்கு எட்டுக்கு எட்டு. மொத்தம் 38தான். ஆனால் அந்த எட்டைச் சிவப்பு மையில் பார்த்த மறுநாள் வீட்டுப்பாட நோட்டு வந்தது. ஆர்வம் வந்தால் மதிப்பெண் வரும் என்று பெற்றோர் கூட்டத்தில் ஆண்டுதோறும் சொல்லி வந்தவன் நான். அவளிடம் மதிப்பெண்தான் முதலில் வந்தது.

பி.எட். படிக்கும்போது, ஆசிரியரின் எதிர்பார்ப்பு பற்றி அமெரிக்காவில் ரோசென்தால், ஜேக்கப்சன் இருவரும் செய்த ஆய்வை ஐந்து மதிப்பெண் வினாவாக உருப்போட்டிருக்கிறேன். சான்பிரான்சிஸ்கோவை அடுத்த தெற்கு சான்பிரான்சிஸ்கோ நகரின் தொடக்கப் பள்ளி ஒன்றில் சில குழந்தைகளைக் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கி, ‘இவர்கள் இந்த ஆண்டு மலர்வார்கள்’ என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். ஆண்டு முடிவில் முதல் இரண்டு வகுப்புகளில் அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட அதிகம் முன்னேறியிருந்தார்கள். 1968இல் இது நூலாக வந்தது; முறை சரியில்லை என்று மறுத்தவர்களும் உண்டு. எனக்கு உறைத்தது வேறு. அந்த ஆசிரியர்களிடம் ஒரு பட்டியலைக் கொடுத்தார்கள். எங்கள் பட்டியலை நாங்களே எழுதிக்கொள்கிறோம்.

எல்லாரிடமும் இது பலிக்கவில்லை. அதே ஆண்டு பின் பெஞ்சில் ஒரு பையன் இருந்தான். செப்டம்பரில், பொறுமை இழந்து, “உனக்குக் கணக்கு வராதுடா” என்று நாற்பது பேர் நடுவில் சொல்லிவிட்டேன். பிறகு பாடவேளை மாறியது, பிஸ்கட் கொடுத்தோம், கரும்பலகை தெரியவில்லை என்று கண்டுபிடித்துக் கண்ணாடியும் வாங்கிக் கொடுத்தோம். கண்ணாடியைப் பையிலேயே வைத்திருந்தான். “ஏன்டா போடவில்லை?” என்று கேட்டால், “எனக்குத்தான் வராதே, சார்” என்பான். குத்திக்காட்டுகிற குரல்கூட இல்லை. நான் சொன்ன தகவலைத் திருப்பிச் சொல்கிற குரல். பொதுத்தேர்வில் கணக்கில் மட்டும் தவறினான். துணைத்தேர்வுக்கு வரச்சொல்லி வீடு தேடிப் போனேன். திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டதாக அவன் அம்மா சொன்னார். “வாத்தியார் நடந்து வந்திருக்கிறீர்களே, மோர் குடியுங்கள்” என்றார். குடித்தேன்.

அந்தப் பெண் 47 வாங்கினாள். மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்தாள். இன்னும் பூ எடுக்கப் போகிறாள்.

அடுத்த ஜூனில் புது வகுப்பு. ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர் தந்த பட்டியல் மேசையில் கிடந்தது. இரண்டாவது பெஞ்சில் ஒரு பெண் கண் சொருகி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போனேன், அதே மல்லிகை வாசம். குரலைத் தாழ்த்தி, “எத்தனை மணிக்கு எழுந்தாய், அம்மா?” என்று கேட்டேன்.

“எட்டு மணிக்கு, சார். ராத்திரி செல்போன் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.”

பூ அவள் தலையில் இருந்தது.