கணித வரலாறு அரியர்: எக்ஸ் போடாமல் எழுதிப் பாருங்கள்

போன வெள்ளிக்கிழமை ரிசல்ட் வந்தது. எம்.எஸ்சி. கணிதத்தில் எனக்கு மிச்சம் இருந்த ஒரே அரியர், கணித வரலாறு. 75-க்கு 61. முதல் தடவை அதே பேப்பரில் 29 தான். மெய்ப்பகுப்பாய்வு, இடவியல் எல்லாம் ஒரே முயற்சியில் தாண்டியவள், கதை மாதிரி படித்துவிடலாம் என்று எல்லோரும் சொன்ன பேப்பரில் விழுந்தேன். அந்த ஆறு மாதம் வீட்டில் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. இப்போது மனசு லேசாக இருக்கிறது. அடுத்த முறை எழுதப்போகிறவர்களுக்கு உதவும் என்பதால், இயற்கணிதத்தின் தோற்றம் பற்றிய யூனிட்டை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். மற்ற யூனிட்டுகளை ஒழுங்காகப் படித்தாலே போதும்.

முதல் தடவை விழுந்ததும் விடைத்தாள் நகலுக்குப் பணம் கட்டி வாங்கிப் பார்த்தேன். பத்து மார்க் கேள்வி: ஒரு வர்க்கமும் பத்து மூலமும் (மூலம் என்பது அந்த வர்க்கத்தின் பக்கம்) சேர்ந்து 39 என்பதை அல்-குவாரிஸ்மி எப்படித் தீர்த்தார்? நான் எக்ஸ் போட்டு, சமன்பாடு எழுதி, சூத்திரத்தில் பிரதியிட்டு, 3, மைனஸ் 13 என்று இரண்டு விடையும் எடுத்து அடிக்கோடு போட்டிருந்தேன். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. கிடைத்தது 2 மார்க். ஓரத்தில் சிவப்பு மையில், 'இது யார் முறை?'

அந்தக் கேள்வி நியாயமானது. அல்-குவாரிஸ்மியிடம் எக்ஸ் கிடையாது. சமக்குறி கிடையாது, அது ராபர்ட் ரெக்கார்டு 1557-இல் கொண்டுவந்தது. எதிர்மறை விடையை அவர் எடுத்துக்கொள்ளவே இல்லை. பாக்தாதில், கலீஃபா அல்-மாமூன் காலத்தில், 820-ஐ ஒட்டி அவர் எழுதிய நூல் முழுக்க வாக்கியங்கள்தான். நான் அவர் பெயரைப் போட்டுவிட்டு என் பத்தாம் வகுப்புக் கணக்கை எழுதி வைத்திருக்கிறேன்.

இரண்டாம் முறை படிக்கும்போது ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எந்தக் கணக்கானாலும் முதலில் வாயால் சொல்வது. எக்ஸ் என்று சொல்லக் கூடாது. ஒரு நாள் மாலை டைல்ஸ் வேலை முடித்து வந்த சித்தப்பா திண்ணையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் ஒரு சதுரம் போட்டேன். பக்கம் எவ்வளவு என்று தெரியாது. அதன் நாலு பக்கத்திலும் இரண்டரை அகலத்துக்கு ஒரு பட்டை. நாலு பட்டையும் சேர்ந்தால் பத்து மூலம். சதுரமும் பட்டைகளும் சேர்த்துப் பரப்பு 39. "இப்ப பக்கம் எவ்வளவு சித்தப்பா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நாலு மூலையும் காலியா கெடக்கே பாப்பா. அங்க துண்டு வெட்டி வெச்சாத்தான முழுச் சதுரம் ஆவும்?"

அதேதான். மூலைத் துண்டு ஒவ்வொன்றும் இரண்டரைக்கு இரண்டரை, அதாவது ஆறேகால். நாலும் சேர்ந்து 25. 39-உடன் 25 சேர்த்தால் 64. பெரிய சதுரத்தின் பக்கம் 8. இரண்டு புறமும் இருக்கும் இரண்டரையைக் கழித்தால் 3. வர்க்கப்பூர்த்தி என்று பள்ளியில் படித்தது சதுரத்தை நிஜமாகவே பூர்த்தி செய்வது என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அல்-குவாரிஸ்மியின் நூலிலேயே இன்னொரு படமும் இருக்கிறது: இரண்டு பட்டை மட்டும், ஒவ்வொன்றும் ஐந்து அகலம், ஒரே மூலை, பரப்பு 25. தேர்வில் இதை வரைய நேரம் கம்மியாக ஆகும். இந்தத் தடவை ஒரு பகுதி ஆ கேள்விக்கு இதைத்தான் வரைந்தேன்.

அப்புறம் சமன்பாட்டை ஒழுங்குபடுத்த அல்-குவாரிஸ்மி சொல்லும் இரண்டு வழிகள்: அல்-ஜப்ர், அல்-முகாபலா. இரண்டு மார்க்கில் அடிக்கடி வருகிறது. விளக்கத்தோடு நிறுத்தாமல் அவருடைய எடுத்துக்காட்டையே எழுதுங்கள்.

அல்-ஜப்ர்: குறைந்ததை நிரப்புவது. ஒரு வர்க்கம், 40 மூலத்தில் 4 வர்க்கம் குறைந்ததற்குச் சமம். குறைந்த 4 வர்க்கத்தை இரண்டு பக்கமும் சேர்த்தால், 5 வர்க்கம் 40 மூலத்துக்குச் சமம்.

அல்-முகாபலா: எதிரெதிரே வைத்து ஒரே இனத்தைக் கழிப்பது. 50-உம் ஒரு வர்க்கமும், 29-உம் 10 மூலமும் சமம் என்றால், 29-ஐ இரு புறமும் எடுத்துவிட்டு, 21-உம் ஒரு வர்க்கமும் 10 மூலத்துக்குச் சமம். (இதற்கு 3, 7 என்று இரண்டு விடை. இரண்டுமே நேர் எண் என்பதால் இரண்டையும் அவர் சொல்கிறார். இதை எழுதினால் படித்துவிட்டு வந்திருக்கிறோம் என்று தெரியும்.)

ஜப்ர் என்ற சொல்லுக்கு உடைந்த எலும்பைச் சேர்ப்பது என்ற பொருளும் உண்டு. ஸ்பானிய மொழியில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவரை 'அல்ஹெப்ரிஸ்தா' என்றே அழைத்தார்கள். இதை ஒரு முறை கேட்டால் மறக்காது.

அல்-குவாரிஸ்மியின் ஆறு வகைச் சமன்பாடுகளைப் பலர் மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறார்கள். ஏன் ஆறு என்று கேட்டால் தடுமாறுகிறார்கள். வர்க்கம், மூலம், எண் என்று மூன்று இனம். கழித்தல் குறி உள்ள கெழுவும் கிடையாது, ஒரு பக்கம் பூஜ்யம் என்று எழுதும் வழக்கமும் கிடையாது. அதனால் எது எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை வைத்தே வகை பிரிக்க வேண்டியிருந்தது. ஒன்றுக்கு ஒன்று சமமாக மூன்று, இரண்டு சேர்ந்து ஒன்றுக்குச் சமமாக மூன்று. இது புரிந்தால் மனப்பாடமே வேண்டாம்.

'இயற்கணிதத்தின் தந்தை யார், விவாதிக்க' என்று வந்தால் ஒரு பக்கம் நின்று எழுதுங்கள். நான் அல்-குவாரிஸ்மிக்காக எழுதினேன். அவருக்கு முன்னாலேயே தீர்த்தவர்கள் நிறையப் பேர். ஆனால் இன்னின்ன வகைதான் வர முடியும் என்று முதலிலேயே பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வழி சொல்லி, அந்த வழி ஏன் சரி என்று படத்தால் காட்டியது அந்தச் சின்ன நூல்தான். அவருக்கு முந்தைய கிரேக்கக் கணிதர் டயோஃபாண்டஸ் பக்கம் நிற்பவர்களும் நல்ல மார்க் வாங்கியிருக்கிறார்கள்.

பாபிலோனைத் தள்ளிவிடாதீர்கள். பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் பி.எம். 13901 களிமண் பலகையின் முதல் கணக்கு, அல்-குவாரிஸ்மிக்கு இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேல் முந்தையது. சதுரத்தின் பரப்பையும் பக்கத்தையும் கூட்டினால் 45, அதாவது அறுபதில் 45, முக்கால். ஒன்றைப் பாதியாக்கு, 30 (இதுவும் அறுபதில் 30, அரை). அதை அதனாலேயே பெருக்கு, 15 (அறுபதில் 15, கால்). 45-உடன் சேர், 1. அதன் மூலம் 1. அதிலிருந்து 30-ஐ எடு. பக்கம் 30, அதாவது அரை. பரப்போடு நீளத்தை எப்படிக் கூட்டலாம் என்று தேர்வில் கேட்கலாம். பக்கத்துக்கு ஓர் அலகு அகலம் கொடுத்துப் பட்டையாக்கிக்கொண்டார்கள் என்பது கணித வரலாற்றாசிரியர் யென்ஸ் ஹொய்ரூப்பின் விளக்கம். மறுபடி அதே பட்டை, அதே மூலை.

எகிப்துக்கு, ரைண்டு பாப்பிரஸ் என்ற பழைய கணக்குச் சுவடியின் 24-ஆம் கணக்கு ஒன்று போதும். ஒரு குவியலும் அதில் ஏழில் ஒன்றும் சேர்ந்து 19. முதலில் 7 என்று வைத்துக்கொள், 8 வருகிறது. 8-ஐ 19 ஆக்க எத்தனை மடங்கோ அத்தனை மடங்கு 7-ஐ எடு.

நான் இழந்த, பிறர் இழந்த மார்க்குகள்:

- ஜெர்மன் அறிஞர் நெசல்மன் 1842-இல் சொன்ன, இயற்கணிதத்தை எழுதும் மூன்று நிலைகளை (சொல், சுருக்கம், குறியீடு) கால வரிசை என்று எழுதுவது. 3-ஆம் நூற்றாண்டு டயோஃபாண்டஸிடமும் 628-இல் எழுதிய பிரம்மகுப்தரிடமும் சுருக்கக் குறிகள் உண்டு. அவர்களுக்குப் பின்னால் வந்த அல்-குவாரிஸ்மி முழுக்கச் சொல்லால் எழுதினார்.
- டயோஃபாண்டஸ் எழுதிய நூலின் 13 பகுதிகளில் கிரேக்கத்தில் 6 மட்டுமே கிடைத்தன என்று நிறுத்துவது. அரபு மொழிபெயர்ப்பில் இன்னும் 4 பகுதிகள் ஈரானின் மஷ்ஹத் நகரில் கண்டெடுக்கப்பட்டன.
- பிரம்மகுப்தரை 'பூஜ்யம்' என்ற ஒரே வரியில் முடிப்பது. தனம், ருணம் என்று சொத்தையும் கடனையும் வைத்துக் குறி விதிகளை எழுதியவர் அவர். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் பூஜ்யம் என்று அவர் சொன்னது தவறு. அதையும் எழுதுங்கள்.
- 1145-ஐயும் 1150-ஐயும் மாற்றுவது. முன்னது செஸ்டர் ராபர்ட் அல்-குவாரிஸ்மியை லத்தீனில் பெயர்த்த ஆண்டு, பின்னது இரண்டாம் பாஸ்கரரின் பீஜகணிதம்.
- அல்-குவாரிஸ்மி நூலின் பின்பாதியை விட்டுவிடுவது. அது பெரும்பாலும் இஸ்லாமியச் சட்டப்படி சொத்துப் பங்கீடு. யாருக்காக எழுதினார் என்ற கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. தனியாக, சத்தமாக, தரையில் வரைந்து படித்தேன். காமிக்ஸ் மாதிரி வண்ண வண்ணக் குறிப்பு எடுப்பவர்களுக்கு வேறு வழி இருக்கலாம்.

தேர்வறையில் எந்தக் கணக்கானாலும் முதலில் பழைய முறையில் வாக்கியமாக எழுதுங்கள், படம் போடுங்கள், கடைசியில் 'இன்றைய குறியீட்டில்' என்று தலைப்பிட்டு எக்ஸ் வைத்து இரண்டே வரி. படத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். ஸ்கேலும் பென்சிலும் சொந்தமாக எடுத்துப் போங்கள், பக்கத்தில் கேட்டு வாங்க விடமாட்டார்கள்.